முழுமைவாதத்துக்கு எதிர்ப்பக்கம் சார்புவாதம்தானா? உயர்தர மாணவர் விவாதத்துக்கு விளக்கம் தேவை

கொக்குவில் ரீச்சர்:

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம் வைக்க இருக்கிறோம். தலைப்பு: "சரி பிழை எல்லா மக்களுக்கும் எக்காலத்துக்கும் ஒன்றே." அளவையியல் படிக்கிறவர்களும் இந்து நாகரிகம் படிக்கிறவர்களும் கலந்த அணிகள். ஆதரிக்கும் அணி ஜேர்மன் மெய்யியலாளர் இமானுவேல் கான்ற்றைப் பிடித்திருக்கிறது. மறுக்கும் அணி "ஊருக்கு ஊர் வழக்கம் வேறு" என்பதைப் பிடித்திருக்கிறது.

இரண்டு அணியின் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு முட்டவே இல்லை. ஒரு பக்கம் "கொலை எப்போதும் பிழை" என்கிறது. மற்றப் பக்கம் "உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம், ஆகவே ஒழுக்கம் சார்பானது" என்கிறது. இரண்டாவது வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டக்கூடிய விதத்தில் யாராவது விளக்குங்கள்.

இன்னும் மூன்று விடயம். "எல்லாம் சார்பானது" என்ற கூற்று தன்னையே மறுக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார், அது செல்லுமா? குறள் 292 (பொய்மையும் வாய்மை யிடத்த) எந்த அணிக்குப் போக வேண்டும்? எங்கள் பக்கத்து உதாரணங்கள் எவை பொருந்தும்? வெளிநாட்டு உதாரணம் மட்டும் வைத்தால் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள், யோசிக்க மாட்டார்கள்.

மெய்யியல் முற்றம்:

ரீச்சர், ஓட்டை தலைப்பிலேயே இருக்கிறது. இரண்டு தனிக் கேள்விகளை அது ஒன்றாக்கிவிட்டது.

ஒரு விதிக்கு விலக்கு உண்டா என்பது முதற் கேள்வி. "பொய் சொல்லாதே" என்பதை எந்த நிலைமையிலும் மீறக்கூடாது என்பவர் முழுமைவாதி. சில நிலைமைகளில் மீறலாம், சிலவேளை மீறத்தான் வேண்டும் என்பவர் முழுமைவாதி அல்லர். ஒரு செயலைச் சரியாகவோ பிழையாகவோ ஆக்குவது எது என்பது இரண்டாவது கேள்வி. அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்தான் அதைத் தீர்மானிக்கிறது என்பவர் சார்புவாதி. யார் என்ன நினைத்தாலும் பிழை பிழைதான் என்பவர் புறநிலைவாதி. முழுமைவாதத்துக்கு எதிர்ப்பக்கம் "விலக்கு உண்டு" என்பது. சார்புவாதத்துக்கு எதிர்ப்பக்கம் புறநிலைவாதம். இந்த இரண்டு சோடியையும் குறுக்கே மாற்றிக் கட்டினால்தான் உங்கள் அணிகளைப்போல முட்டாமல் பேசிக்கொண்டிருக்க நேரிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவராக மெய்யியலாளர் டபிள்யூ. டி. ரொஸ்ஸைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். 1930 இல் அவர் ஏழு வகைக் கடமைகளைச் சொன்னார்: கொடுத்த வாக்கைக் காத்தல், செய்த தீங்குக்கு ஈடுசெய்தல், நன்றி, நீதி, பிறருக்கு நன்மை செய்தல், தன்னை மேம்படுத்தல், தீங்கு செய்யாமை. ஒவ்வொன்றுக்கும் உண்மையான பாரம் உண்டு, ஆனால் எப்போதும் வெல்லுகிற கடமை என்று ஒன்றும் இல்லை. இரண்டு கடமைகள் மோதும்போது நிலைமையை நுணுக்கமாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் பிழைத்தும் போகலாம், ஊரே ஒப்புக்கொண்டாலும் பிழைத்துப் போகலாம். விலக்கை ஏற்கிறார், சார்புவாதத்தை ஏற்கவில்லை. உங்கள் எதிரணி காணாமல் விட்ட இடம் இதுதான்.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு சோதனை. ஏதாவது ஒரு தீர்ப்பை எடுங்கள். முதலில் நிலைமையை மட்டும் மாற்றிப் பாருங்கள், தீர்ப்பு மாறுகிறதா? பிறகு நிலைமையைப் பழையபடி வைத்து, மக்கள் அதைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் மாற்றத்துக்கு அசையாதவர் முழுமைவாதி. இரண்டாவது மாற்றத்துக்கு அசைபவர் சார்புவாதி. முதலாவதுக்கு அசைந்து இரண்டாவதுக்கு அசையாதவர் ரொஸ்.

கான்ற் 1797 இல் எழுதிய புகழ்பெற்ற உதாரணத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். பெஞ்சமின் கொன்ஸ்ரன்ற் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்குப் பதிலாக வந்த கட்டுரை அது. கொலை செய்யத் தேடி வருபவன் உங்கள் வாசலில் நின்று, உங்கள் நண்பன் உள்ளேயா என்று கேட்கிறான். பதில் சொல்லாமல் தப்ப வழியில்லை என்பதும் உதாரணத்தின் ஒரு பகுதி. பிள்ளைகள் உடனே "பேசாமல் இருந்தால் என்ன?" என்பார்கள், ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்பது கான்ற்றின் முடிவு. அவர் சொன்ன காரணமும் தெரிந்திருக்க வேண்டும்: நீங்கள் "இல்லை" என்று பொய் சொல்ல, உங்களுக்குத் தெரியாமலே நண்பன் பின்பக்கத்தால் வெளியேறியிருந்து, திரும்பிப் போகும் கொலைகாரன் தெருவில் அவனைக் கண்டு கொன்றால், அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பாளி. உண்மை சொல்லியிருந்தால் விளைவு உங்கள் தலையில் விழாது.

இப்போது மாற்றுங்கள். கொலைகாரனுக்குப் பதிலாகக் கடிதம் கொடுக்க வந்தவர் என்று வையுங்கள். ரொஸ்ஸின் தீர்ப்பு உடனே மாறும், கான்ற்றின் தீர்ப்பு மாறாது. பிறகு கொலைகாரனையே நிறுத்தி, "இந்த ஊரில் எல்லாரும் நண்பனைக் காட்டிக்கொடுப்பதே சரி என்று நம்புகிறார்கள்" என்று மாற்றுங்கள். ரொஸ்ஸும் கான்ற்றும் அசையமாட்டார்கள், சார்புவாதியின் தீர்ப்பு மட்டும் புரளும். "உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம்" என்ற உங்கள் எதிரணியின் வாதம் முதல் மாற்றத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து சார்புவாதம் வராது. கான்ற்றுக்கு எதிரான வாதமாக அது நல்ல வாதம், அந்த அளவோடு நிற்கும்.

(எல்லாருக்கும் பொது விதியாக வர நீ விரும்பக்கூடியபடியே நட என்ற கான்ற்றின் 1785 ஆம் ஆண்டு அடிப்படை வாய்பாட்டிலிருந்து இந்தக் கடும் முடிவு கட்டாயம் வருமா என்பதே இன்னும் தகராறில் உள்ள விடயம். மெய்யியலாளர் கிறிஸ்ரின் கோஸ்கார்ட் 1986 இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆதரவு அணியில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் கொடுத்துப் பாருங்கள்.)

சார்புவாதத்துக்குள்ளும் மூன்று வெவ்வேறு கூற்றுகள் உண்டு. சமூகங்களின் ஒழுக்க நம்பிக்கைகள் வேறுபடுகின்றன என்பது வெறும் தகவல். அவற்றுக்கு மேலாக நின்று தீர்ப்பதற்கு ஓர் அளவுகோல் இல்லை என்பது மெய்யியற் கொள்கை. ஆகவே மற்றவர் வழக்கத்தில் தலையிடக்கூடாது என்பது ஒழுக்கக் கட்டளை. முதலாவதைச் சொல்லிவிட்டு மூன்றாவதுக்குப் பாய்வதுதான் மாணவர் கட்டுரைகளில் வருகிற வழமையான பிழை. தகவலிலிருந்து கொள்கை தானாக வராது. பூமியின் வடிவத்தைப் பற்றியும் சமூகங்கள் வேறுபட்டுத்தான் நம்பின.

தகவலிலும் கவனம் வேண்டும். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோற்றஸ் சொல்லும் கதையில் பாரசீக மன்னன் டரியஸ் கிரேக்கரிடம், இறந்த தகப்பனின் உடலை உண்ண என்ன விலை கேட்பீர்கள் என்கிறான். உண்ணும் வழக்கமுள்ள கல்லத்தியரிடம், எரிக்க என்ன விலை என்கிறான். இரு பகுதியும் பதறுகிறது. பெரிய வேறுபாடுதான். ஆனால் தகப்பனை மதிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடே இல்லை, மதிப்பை எப்படிக் காட்டுவது என்பதில்தான் வேறுபாடு. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கைக்குள் சைவ வீட்டுப் பிரேதம் சுடலைக்கும் கிறிஸ்தவ வீட்டுப் பிரேதம் புதைப்பதற்குச் சேமக்காலைக்கும் போகிறது. யாரும் மற்றவரை ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்வதில்லை. வழக்கம் வேறு என்பதால் விழுமியம் வேறு என்று எழுதினால் புள்ளியைக் குறையுங்கள்.

தெல்லிப்பளையான்:

ரீச்சர் உள்ளூர் உதாரணம் கேட்டவா. நான் மூண்டு சொல்லுறன், மூண்டும் வேற வேற வேலைக்கு.

கோயில்ல கிடாய் வெட்டுற வேள்வியை முதல்ல எடுங்கோ. 2017 இல யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில மிருக பலியைத் தடைசெய்தது. பிள்ளையள் உடன "எங்கட பண்பாடு எதிர் சட்டம்" எண்டு எழுதுவினம். எழுத விடாதேங்கோ. கிடாய் வெட்டுறதும் சைவ ஆக்கள், கூடாது எண்டு வழக்காடினதும் சைவ ஆக்கள். ஒரே ஊர், ஒரே சமயம். அப்ப சார்புவாதி எந்தக் குழுவின்ர அளவுகோலை எடுக்கப்போறார்? கோயில் உபயகாரற்றையா, ஊரின்ரயா, சைவ உலகத்தின்ரயா, நாட்டின்ரயா? குழுவின்ர எல்லையைக் கீறாமல் "சமூகத்துக்குச் சார்பானது" எண்டு சொல்லுறது அரைவாசி வசனம். எல்லையைக் கீறினால், ஏன் அங்க கீறினீர் எண்ட கேள்வி வரும். ஒரு ஆள் ஒரே நேரத்தில நாலு குழுவில இருப்பார், நாலும் நாலு விதமாச் சொல்லும்.

"அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று" எண்ட குறள் 259 ஐ ஆதரவு அணி கட்டாயம் கொண்டுவரும். வடிவா வாசிக்கச் சொல்லுங்கோ. அது வேள்வியை மட்டும் சொல்லேல்லை, உயிரைக் கொன்று தின்னாமையைச் சொல்லுது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கிற ஆள் இந்தக் குறளைச் சொல்லி வேள்வியை மட்டும் கண்டிக்கேலாது. அவர் வேற காரணம் காட்டவேணும்: புனிதமான இடத்தில வைச்சு வெட்டுறது, சின்னப்பிள்ளையள் பாக்கிறது, மிருகம் படுகிற வேதனை எண்டு ஏதாவது. ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியா எடுத்து, அது இறைச்சிக்கடைக்கும் பொருந்துதோ எண்டு கேக்க வைக்கவேணும். பொருந்தினால் இரண்டையும் கண்டிக்கவேணும். பொருந்தாட்டில் அது ஏன் முக்கியம் எண்டு சொல்லவேணும். அரை மணித்தியாலம் இதிலயே போகும், போகட்டும்.

இரண்டாவது கோயில் நுழைவு. 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தாப்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களுக்குக் கதவு திறக்கேல்லை. 1968 இல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில போராட்டம் நடந்தது. அந்த நேரம் ஊரில பெரும்பான்மை அபிப்பிராயம் எந்தப் பக்கம் நிண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். சரி எண்டது ஊர் ஏற்றுக்கொண்டதுதான் எண்டால், வாசலில நிண்ட ஆக்கள் பிழையான ஆக்கள், ஊர் மனம் மாறின நாளிலதான் சரியாகினவை. சீர்திருத்தக்காரர் எல்லாரும், சீர்திருத்தம் வெல்லும் வரைக்கும், பிழைதான் எண்டு முடியும். பள்ளிக்கூடங்களில சம ஆசனம், சம போசனம் எண்டு 1920களில யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் காலத்தில கேட்ட ஆக்களுக்கும் இதே கதிதான். பச்சையான சார்புவாதம் இந்த இடத்தில விழுந்துபோகும்.

மூண்டாவது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழற்ற வழக்காற்றுச் சட்டம். 1707 இல ஒல்லாந்தர் காலத்தில கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலிமார் பாத்து ஒப்புக்கொண்டது. பிள்ளையளுக்குத் தெரிஞ்சது சீதனம், முதுசம், தேடியதேட்டம் எண்ட சொத்து வகையள். அதுக்குள்ள அடிமையளைப் பற்றின பகுதியும் இருக்கு. பிள்ளையள் வாசிக்கவேணும். ஊர்ப் பெரியவை ஒப்புக்கொண்ட வழக்கம் எண்டு எழுத்திலயே இருக்கு, ஆனா ஒப்புக்கொண்ட 12 பேருக்குள்ள ஒரு அடிமையும் இல்லை. இலங்கையில அடிமை முறை 1844 இல சட்டத்தால ஒழிஞ்சது. "அந்தக் காலத்துக்கு அது சரி" எண்டு ஒரு பிள்ளை சொன்னால், ஆருக்குச் சரி எண்டு திருப்பிக் கேளுங்கோ.

அடிமைக் கதை பழசு எண்டு தட்டிவிட்டால் இண்டைக்கு இருக்கிறதைக் கேளுங்கோ. தேசவழமைக்கு உட்பட்ட கலியாணமான பொம்பிளை தன்ர பேரில இருக்கிற காணியை விக்கிறதுக்குப் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி. இது வழக்கம், ஆகவே சரி எண்டு சொல்லுறதுக்கு உங்கட வகுப்பில எத்தினை பொம்பிளைப்பிள்ளையள் கை உயர்த்துவினம்?

காரைநகர் வாசகர்:

தெல்லிப்பளை அண்ணை சொன்ன உதாரணங்கள் அருமை. ஆனால் இந்தத் திரியில் சார்புவாதத்தின் மிக மெலிந்த வடிவத்தை மட்டும் நிறுத்திவைத்து அடிக்கிறீர்கள். எதிரணிப் பிள்ளைகளுக்கு அது அநியாயம். மெய்யியலில் இன்று அநேகமாக யாரும் "ஊர் சொன்னால் சரி" என்ற வடிவத்துக்காக வாதாடுவதில்லை.

மெய்யியலாளர் கில்பேட் ஹார்மனின் 1975 ஆம் ஆண்டு வாதத்தைக் கொடுங்கள். மனிதர் தம்முள் செய்துகொண்ட மறைமுக உடன்பாட்டிலிருந்துதான் ஒழுக்கக் கட்டளை பிறக்கிறது என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று சுவையானது. தீங்கு செய்யாதே என்ற கடமை ஏன் உதவி செய் என்ற கடமையை விடக் கடுமையாக இருக்கிறது? ஐந்து நோயாளிகளைக் காப்பாற்ற ஒரு நோயாளியை அறுத்து உறுப்பெடுக்கக்கூடாது என்று நாம் எல்லாரும் உணர்கிறோமே, ஏன்? பணமும் பலமும் உள்ளவனும் இல்லாதவனும் ஒரு பொது விதிக்கு வருவதாக வையுங்கள். ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்பதால் எல்லாருக்கும் இலாபம். எல்லாருக்கும் எல்லாரும் முழுமூச்சாக உதவ வேண்டும் என்றால் பலமுள்ளவனுக்கு நட்டம், ஆகவே அதில் அவன் அரைகுறையாகத்தான் ஒப்புவான். நம்மிடம் இருக்கும் ஒழுக்கம் அந்தப் பேரத்தின் அச்சாகவே இருக்கிறது. இதை விட நல்ல விளக்கம் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் சவால் விடுகிறார். ஆதரவு அணி இதற்குப் பதில் தயாரிக்க வேண்டும்.

டேவிட் வொங் இன்னொரு வழி காட்டுகிறார். 1984 இலும் பிறகு 2006 இலும் எழுதினார். உண்மையான ஒழுக்க முறை ஒன்றுக்கு மேற்பட்டது இருக்கலாம், ஆனால் எதுவும் ஒழுக்க முறையாகிவிடாது. மனிதர் சேர்ந்து வாழ்வதற்கு உதவுவது ஒழுக்கத்தின் வேலை. அந்த வேலையைச் செய்யாத முறை தள்ளுபடி. தனிமனித உரிமையை மையமாக வைத்த முறையும், குடும்பம், உறவு, கடமை ஆகியவற்றை மையமாக வைத்த முறையும் இரண்டும் தேறலாம். அடிமை முறை தேறுவது மிகக் கடினம்.

சீர்திருத்தக்காரர் விடயத்துக்கும் பதில் உண்டு. ஒரு சமூகத்தின் அளவுகோல் அதன் அன்றாட நடைமுறை மட்டும் அன்று. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலர் வரி சைவத்துக்குள்தான் இருக்கிறது. தன் ஆழமான கொள்கைக்கே மாறாகக் கோயில் கதவைச் சாத்தியது அந்தச் சமூகம் என்று சொல்ல, சமூகத்துக்கு வெளியே போகத் தேவையில்லை. 1968 இல் நின்றவர்களைச் சார்புவாதியும் சரி என்று சொல்லலாம்.

தன்னையே மறுக்கிறது என்ற வாதம் பற்றி. எல்லா உண்மையும் சார்பானது என்று சொன்ன பழைய கிரேக்கச் சிந்தனையாளர் புரொட்டகோரஸுக்கு எதிராகப் பிளேற்றோ வைத்த வாதம் அது. அங்கே அது வேலை செய்கிறது. ஒழுக்கச் சார்புவாதி எல்லா உண்மையையும் சார்பு என்று சொல்லவில்லை, ஒழுக்கத் தீர்ப்புகளை மட்டுமே சொல்கிறார். "ஒழுக்கத் தீர்ப்புகள் சார்பானவை" என்ற வசனம் ஒழுக்கத் தீர்ப்பு அன்று, ஒழுக்கத்தைப் பற்றிய கூற்று. ஆகவே தன்மேல் தானே விழாது. விழும் இடம் வேறு: "எல்லாம் சார்பானது, ஆகவே மற்றவர் வழக்கத்தில் யாரும் எப்போதும் தலையிடக்கூடாது." இரண்டாவது பாதி எல்லாருக்கும் பொதுவான கட்டளை. மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1972 இல் இதைப் பிடித்துக் காட்டினார். அமெரிக்க மானிடவியற் சங்கம் 1947 இல், மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியிட்ட அறிக்கையும் இந்த இடத்தில்தான் மாட்டியது. பண்பாடுகளை மதி என்று உலகத்துக்கே பொதுவாகக் கேட்டது. அதே சங்கம் 1999 இல் மனித உரிமைகளை ஆதரித்துப் பிரகடனம் செய்தது. அந்தப் பிள்ளையின் வாதத்தை அடித்துவிடாதீர்கள், இலக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வாட்டுக் குறிப்பு:

விவாதத்தில் மருத்துவ உதாரணம் ஒன்றாவது வரட்டும். இது ஒவ்வொரு நாளும் உண்மையாகவே தீர்மானிக்க வேண்டிய விடயம், கட்டாயம் யாராவது பாதிக்கப்படுவார்கள்.

அறுபது வயது தாண்டிய தகப்பன். பரிசோதனை முடிவு புற்றுநோய் என்கிறது. மூத்த மகன் அறைக்கு வெளியே வைத்தியரை மறித்து, "அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர், அவர் தாங்கமாட்டார்" என்கிறார். உள்ளே தகப்பன் தாதியிடம் "எனக்கு என்ன பிள்ளை?" என்று கேட்கிறார். இனி என்ன?

"எங்கள் பண்பாட்டில் குடும்பம்தான் முடிவெடுக்கும், ஆகவே சொல்லாதது சரி" என்று எதிரணி சொல்லும். "நோயாளிக்கு உண்மை அறியும் உரிமை உண்டு, ஆகவே உடனே சொல்" என்று ஆதரவு அணி சொல்லும். இரண்டு பேரும் தகப்பனைக் கேட்கவில்லை.

இங்கே தரவு உதவும். 1961 இல் அமெரிக்காவில் வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வில் சுமார் 90 வீதமானோர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே விரும்பினர். 1979 இல் அதே கேள்விக்கு 97 வீதமானோர் சொல்வதையே விரும்பினர். அதே நாடு, இருபது ஆண்டுகூட இல்லை. மேற்கத்தியர் சொல்வார்கள், கீழைத்தேயத்தவர் மறைப்பார்கள் என்று பிள்ளைகள் எழுதினால் இதைக் காட்டுங்கள். இடையில் சிகிச்சை முன்னேறியது, நோயாளி உரிமை பற்றிய எண்ணமும் மாறியது. முன்னையது நிலைமை மாற்றம், பின்னையது அபிப்பிராய மாற்றம். மேலே சொன்ன சோதனையை இதிலே போட்டுப் பார்த்தால், மாற்றத்தில் எவ்வளவு எதனால் என்று பிரிப்பது எவ்வளவு சிரமம் என்று விளங்கும்.

இன்னொன்று 1995 இல் லொஸ் ஏஞ்சலிஸில் முதியவர்களிடம் நடந்தது. பரவிய புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றவர்கள் கொரிய அமெரிக்கரில் 47 வீதம், மெக்சிக்க அமெரிக்கரில் 65, ஐரோப்பிய அமெரிக்கரில் 87, ஆபிரிக்க அமெரிக்கரில் 88. வேறுபாடு உண்மையானது. ஆனால் மிகக் குறைந்த குழுவிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அந்தக் குழுவின் பெயரைப் பார்த்து ஓர் ஆளின் விருப்பத்தை ஊகித்தால் ஏறத்தாழ இரண்டில் ஒரு முறை பிழைக்கும்.

நடைமுறையில் நல்ல வைத்தியர் செய்வது இது. பரிசோதனைக்கு முன்னரே நோயாளியைத் தனியாகக் கேட்பார்: "முடிவு வந்ததும் உங்களுக்கு எல்லாம் விபரமாகச் சொல்லவா, இல்லாவிட்டால் வீட்டில் யாரோடாவது கதைக்கவா?" மகனோடு கதைக்கச் சொன்னால் அது தகப்பனின் முடிவு, மகனின் முடிவு அன்று. முன்னரே கேட்காமல் விட்டுப் பிறகு மகன் மறித்தால், எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்பார். பெரும்பாலும் பயம் உண்மையைப் பற்றியது அன்று, அதைச் சொல்லும் விதத்தைப் பற்றியது. "நானாக வலிந்து சொல்லமாட்டேன், ஆனால் அவர் நேரே கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்று மகனிடம் சொல்லிவைப்பார். சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. மறைத்தால் என்ன பிழைக்கும் என்பதையும் பிள்ளைகள் எழுத வேண்டும்: மருந்தேற்றும்போது தலைமயிர் கொட்டினால் தகப்பனுக்குத் தானாகவே விளங்கும், பிறகு வைத்தியர் சொல்லும் எதையும் நம்பமாட்டார். உறுதி எழுத, ஒருவரைப் பார்க்க, ஒரு கோயிலுக்குப் போக இருந்த காலமும் போய்விடும்.

தகப்பனின் விருப்பத்தை மதி என்பது எல்லாருக்கும் ஒரே விதி. அந்த விருப்பம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே செய்யும் செயலும் வேறு. இதைச் சார்புவாதம் என்று சொன்னால் பிழை.

கொக்குவில் ரீச்சர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. குறள் 292 இன்னும் நிற்கிறது. அதோடு 327 ஐயும் பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள். வள்ளுவர் ஓரிடத்தில் முழுமைவாதி, இன்னோரிடத்தில் அல்லர் என்று எழுதலாமா? தலைப்பை மாற்ற நேரம் இருக்கிறது, எப்படி மாற்றுவது?

மெய்யியல் முற்றம்:

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." இரண்டு மாற்றத்தையும் செய்து பாருங்கள். நன்மை பயக்காத நிலைமைக்கு மாற்றினால் தீர்ப்பு மாறும், ஆகவே பொய் விடயத்தில் இது முழுமைவாதம் அன்று. ஊர் அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டது என்று மாற்றினால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் குறள் கேட்பது குற்றமற்ற நன்மை விளைந்ததா என்பதை மட்டுமே. பரிமேலழகர் உரையும் கேடோ சாவோ நெருங்கி நிற்கும் உயிர் அந்தச் சொல்லால் தப்புவதைத்தான் காட்டுகிறது. ஆகவே எதிரணி இதைச் சார்புவாதத்துக்குச் சான்றாக வைத்தால் தோற்கும். கான்ற்றுக்கு எதிராக வைத்தால் வெல்லும்.

327 "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை" என்று விலக்கில்லாமல் சொல்கிறது. ஆனால் 550 கொடியவரை அரசன் கொலையால் தண்டிப்பதைப் பயிருக்குள் களை பிடுங்குவதோடு ஒப்பிடுகிறது. முன்னையது தனிமனிதனுக்கும் துறவிக்கும், பின்னையது அரசனுக்கும் என்று பிரித்தால் முரண் குறையும், ஆனால் "கொலை எப்போதும் யாருக்கும் பிழை" என்ற முழுமைவாதம் அதோடு போய்விடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது 323: "ஒன்றாக நல்லது கொல்லாமை மற்றதன் பின்சாரப் பொய்யாமை நன்று." அறங்களுக்குள் வரிசை வைக்கிறது. கொல்லாமையும் பொய்யாமையும் மோதினால் எது விலக வேண்டும் என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது, 292 உடன் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த நான்கு குறளையும் சேர்த்து வாசித்த பிள்ளைக்கு ரொஸ் இலகுவாக விளங்கும்.

முழுமைவாதத்தை நாம் எல்லாரும் கான்ற்றின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம், அதுவும் சரியில்லை. அதன் பலமான இடம் சித்திரவதைத் தடை. இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. வேறு பல உரிமைகளை மட்டுப்படுத்த இடம்தரும் 15 ஆவது உறுப்புரை இதைத் தொடவில்லை. சித்திரவதைக்கு எதிரான 1984 ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம் போர், அவசரநிலை உட்பட எந்த விதிவிலக்கான சூழலையும் காரணமாகக் காட்டமுடியாது என்கிறது. இலங்கை 1994 இல் அதற்குச் சட்டம் இயற்றியது. ஏன் விலக்கே வைக்கவில்லை? விலக்குப் பொருந்துமா என்று அந்த நேரத்தில் தீர்மானிக்கப்போவது கைதியைத் தன் பிடியில் வைத்திருக்கும் அதே ஆள். கதவு மூடிய அறை, பயம், கோபம், தவறான தகவல். அந்த நிலையில் ஒரு சிறு விலக்கை எழுதிக்கொடுத்தால் அது வழமையாகிவிடும். எடைபோட்டுப் பார்க்கும் திறன் இல்லாத இடத்தில் விலக்கற்ற விதிதான் ஒரே காவல் என்ற வாதம் இது. ஆதரவு அணி கான்ற்றை விட்டு இதைப் பிடித்தால் ரொஸ்ஸோடு நேரே மோதலாம். விதி நடைமுறையில் மீறப்படுகிறது என்று எதிரணி சொன்னால், விதி மீறப்படுவது விதி பிழை என்பதற்குச் சான்றாகாது என்று பதில் சொல்ல வேண்டும்.

தலைப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் நாள்: "எந்த நிலைமையிலும் செய்யக்கூடாத செயல்கள் உண்டு." இது முழுமைவாதத்தைப் பற்றியது. கான்ற், ரொஸ், சித்திரவதைத் தடை, குறள் 292 வரட்டும். இரண்டாம் நாள்: "ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம் பிழையாக இருக்க முடியும்." இது சார்புவாதத்தைப் பற்றியது. தேசவழமை, கோயில் நுழைவு, வேள்வி, ஹார்மன், வொங் வரட்டும். முதல் நாளில் யாராவது "ஊருக்கு ஊர்" என்று தொடங்கினால், இரண்டாம் நாளில் யாராவது "உயிரைக் காப்பாற்ற" என்று தொடங்கினால், நடுவர் நிறுத்த வேண்டும்.

காரைநகர் வாசகர்:

இரண்டாம் நாள் தலைப்பை இப்படியே விட்டால் எதிரணி நழுவிவிடும். கோயில் கதவைச் சாத்தியது சைவத்தின் சொந்தக் கொள்கைக்கே மாறு என்று நான் மேலே சொன்னதைச் சொல்லி, "ஆம், வழக்கம் பிழையாக இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டு சார்புவாதியாகவே வீட்டுக்குப் போகலாம். "ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம், அச்சமூகத்தின் எந்தக் கொள்கைக்கும் முரணாகாவிட்டாலும், பிழையாக இருக்க முடியும்" என்று மாற்றுங்கள் ரீச்சர். தலைப்பு நீளும், பரவாயில்லை. தேசவழமையின் அடிமைப் பகுதியை அப்போதுதான் இரு அணியும் சுற்றிப் போகாமல் நேரே சந்திக்க வேண்டிவரும்.